உங்களுக்குத் தெரியுமா? – பேசி வைத்த விலைகள்

★ அதிக நாள் எரியும் பல்பைச் செய்ததற்காகக் கம்பெனிக்கு அபராதம் போட்ட காலம் ஒன்று இருந்தது. 1924 டிசம்பரில் ஓஸ்ராம், பிலிப்ஸ் உள்ளிட்ட பெரிய பல்பு கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி, கிரேக்கச் சூரியக் கடவுளான 'ஃபீபஸ்' பெயரில் ஓர் அமைப்பை ஏற்படுத்தின. எந்த நாட்டுச் சந்தை யாருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டன. கூடவே இன்னொரு முடிவும் எடுத்தன: வீட்டு பல்பு 1,000 மணி நேரம் எரிந்தால் போதும். அதற்கு முன் 1,500 மணி, 2,000 மணி எரியும் பல்புகள் கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கம்பெனியும் தன் பல்பைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். கெடு தாண்டி எரிந்தால் சுவிஸ் பிராங்கில் தண்டம் கட்ட வேண்டும். பல்பை நீண்ட நாள் எரிய வைக்கத் தெரிந்த பொறியாளர்களே, அது சீக்கிரம் அணைவதற்கு வழி தேடி ஆய்வுக்கூடங்களில் உழைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்த பிறகுதான் இந்த ஏற்பாடு கலைந்தது. 

★ போட்டியாளர்கள் கூடி விலையையோ உற்பத்தி அளவையோ சந்தைப் பங்கையோ பேசி முடித்துக்கொள்வதற்குச் சட்டத்தில் 'கார்ட்டெல்' என்று பெயர். நம் பேச்சு வழக்கில் இது 'சிண்டிகேட்'. ஏலம், டெண்டர் நடக்கும் இடங்களில் 'ரிங் போட்டுவிட்டார்கள்' என்பார்கள். கார்ட்டெல் என்ற சொல்லுக்கு ஐரோப்பாவில் பழைய பொருள் வேறு. போரிடும் இரு தரப்பும் கைதிகளை மாற்றிக்கொள்வதற்காக எழுதிக்கொள்ளும் உடன்படிக்கையை அப்படி அழைத்தார்கள். எதிரிகள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்ற கரு மட்டும் மாறவே இல்லை.

★ கிலோ ரூ.388. கிடங்கில் இருக்கும் தானியத்தைப் பூச்சி அரிக்காமல் காப்பதற்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். அதை வாங்க 2009-ல் இந்திய உணவுக் கழகம் டெண்டர் விட்டது. மூன்று கம்பெனிகள் தனித்தனி உறையில் விலை எழுதி ஒட்டிக் கொடுத்தன. பிரித்துப் பார்த்தால் மூன்றிலும் 388. மூன்றும் வேறு வேறு கம்பெனிகள், செலவும் வேறு வேறு. விலை மட்டும் ரூபாய் பிசகாமல் ஒன்று. உணவுக் கழகம் இந்தியப் போட்டி ஆணையத்துக்கு எழுதியது. 2012-ல் ஆணையம் மூவருக்கும் சேர்த்துச் சுமார் ரூ.318 கோடி அபராதம் விதித்தது. 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூட்டுச் சதி நடந்தது உண்மை என்று உறுதி செய்தது. ஆனால் அபராதத்துக்குக் கம்பெனியின் மொத்த விற்றுமுதலைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அந்த மாத்திரை வியாபாரத்தின் விற்றுமுதலை மட்டும்தான் எடுக்க வேண்டும் என்றது. அபராதம் பத்துக் கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. ரேஷன் அரிசி காக்க வந்த மருந்தில் நடந்த விஷயம் இது. 318 எங்கே, 10 எங்கே என்று நினைக்கும்போது இன்றும் மனம் ஆறவில்லை.

★ நாடாளுமன்றத்துக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும். போட்டிச் சட்டத்தின் 2023 திருத்தம் 'விற்றுமுதல்' என்ற சொல்லுக்குப் புது விளக்கம் தந்தது: எல்லாப் பொருள்களும் சேவைகளும், உலகம் முழுவதும் நடக்கும் விற்பனையும் அதில் சேரும். 2024 மார்ச் முதல் அது நடைமுறையில் இருக்கிறது.

★ கூட்டுச் சதிக்குப் பத்திரம் வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின்படி எழுதாத ஏற்பாடும், வாய்ப்பேச்சும், ஒரு தலையசைப்பில் ஏற்படும் புரிதலும் 'ஒப்பந்தம்'தான். நீதிமன்றத்தில் செல்லுபடியாகாத ஒப்பந்தமானாலும் இந்தச் சட்டத்துக்கு அது போதும். விலை நிர்ணயம், உற்பத்திக் குறைப்பு, சந்தையைப் பங்கிடுதல், டெண்டரில் பேசி வைத்தல் ஆகிய நான்கிலும் ஆணையம் தொடக்கத்திலேயே 'இதனால் சந்தைக்குக் கேடு' என்று அனுமானித்துக்கொள்ளும். கேடு இல்லை என்று காட்டும் பொறுப்பு கம்பெனியுடையது. ஆனால், இரண்டு கடைகளில் ஒரே விலை இருந்தாலே குற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. எதிர்க்கடைக்காரர் விலை ஏற்றியதைப் பார்த்துத் தானாக ஏற்றுவது குற்றமில்லை. இருவரும் கலந்து பேசியதைக் காட்டும் தடயம் வேண்டும்.

★ கௌடிலியரின் அர்த்தசாஸ்திரம் இதைப் பற்றி நேரடியாகவே பேசுகிறது. வணிகர்கள் ஒன்று சேர்ந்து சரக்கைத் தடுத்து வைத்து அநியாய விலைக்கு விற்றால் 1,000 பணம் தண்டம். கைவினைஞர்கள் கூடிப் பேசித் தரத்தைக் குறைத்தாலும் அதே தண்டம். உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 5, வெளிநாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 10 என்று லாபத்துக்கும் அந்த நூல் வரம்பு கட்டியிருக்கிறது.

★ சீட்டுக்கட்டால் வந்த தீர்ப்பு ஒன்று ஆங்கிலச் சட்டத்தின் போக்கையே மாற்றியது. முதலாம் எலிசபெத் ராணி, நாட்டில் சீட்டுக்கட்டு செய்து விற்கும் உரிமையைத் தன் அரண்மனைக்காரரான எட்வர்ட் டார்சிக்கு மட்டும் கொடுத்திருந்தார். லண்டன் வியாபாரி தாமஸ் ஆலின் தானும் செய்து விற்றார். டார்சி வழக்குப் போட்டார். ஏகபோக உரிமையே செல்லாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு நீதிபதிகள் கண்ட காரணங்கள் மூன்று: விலை ஏறும், தரம் இறங்கும், அதே தொழிலைக் கற்றவர்களின் பிழைப்பு போகும். 1600-களின் தொடக்கத்தில் சொன்ன அந்த மூன்றைத்தான் இன்றைய ஆணையங்களும் பக்கம் பக்கமாக ஆராய்கின்றன.

★ அமெரிக்காவில் இந்தச் சட்டங்களை 'ஆன்டிடிரஸ்ட்' என்பார்கள். ஏன் 'டிரஸ்ட்'? 1882-ல் ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில், தன் பிடியில் இருந்த கம்பெனிகளின் பங்குகளை ஒன்பது அறங்காவலர்கள் கையில் ஒப்படைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் பல கம்பெனிகள். முடிவெடுப்பது ஒரே மேசை. நாட்டின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சுமார் 90 சதவீதம் அவர்கள் வசம் இருந்தது. ரயில் கம்பெனிகளிடம் தங்கள் சரக்குக்குக் கட்டணச் சலுகை வாங்கினார்கள். அதற்கும் மேலே போய், போட்டியாளர் ஏற்றி அனுப்பும் சரக்கின் கட்டணத்திலும் தங்களுக்கு ஒரு பங்கு கேட்டார்கள். எதிராளி அனுப்பும் ஒவ்வொரு பீப்பாயும் இவர்கள் பையை நிரப்புவதற்கான ஏற்பாடு அது.

இதை ஊரறியச் செய்தவர் ஐடா டார்பெல் என்ற பத்திரிகையாளர். பென்சில்வேனியாவின் எண்ணெய் வட்டாரத்தில் வளர்ந்தவர். அவருடைய தந்தையும் இந்தப் பிடியில் சிக்கி நொந்த சிறு எண்ணெய்த் தொழில்காரர். நீதிமன்ற ஆவணங்களையும் அரசு விசாரணை அறிக்கைகளையும் தோண்டியெடுத்து, 1902 முதல் 'மெக்ளூர்ஸ்' மாத இதழில் தொடராக எழுதினார். 1911-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஸ்டாண்டர்ட் ஆயிலை 34 கம்பெனிகளாகப் பிரிக்கும்படி தீர்ப்பளித்தது. எக்ஸான், மொபில், செவ்ரான் எல்லாம் அந்தத் துண்டுகளின் வழித்தோன்றல்கள். பிரிந்த பிறகு பங்குகளின் மதிப்பு ஏறி ராக்பெல்லர் முன்பைவிடப் பெரிய பணக்காரர் ஆனார் என்பது பலரும் சொல்லாமல் விடும் பகுதி.

★ அந்தத் தீர்ப்புக்கு அடிப்படை 1890-ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டம். கனடா அதற்கு ஓராண்டு முன்பே, 1889-ல், இத்தகைய சட்டத்தைக் கொண்டுவந்துவிட்டது.

★ ஷெர்மன் சட்டத்தின் அடி முதலில் பெரிய முதலாளிகள் மேல் மட்டும் விழவில்லை. தொப்பி செய்யும் தொழிலாளர்கள் ஒரு கம்பெனியின் தொப்பிகளை வாங்காதீர்கள் என்று நாடு முழுக்கப் பிரசாரம் செய்தார்கள். 1908-ல் உச்ச நீதிமன்றம் அதை 'வணிகத்தைத் தடுக்கும் கூட்டு' என்று சொல்லி, தொழிற்சங்கத்தினர் மேல் இந்தச் சட்டத்தைப் பாய்ச்சியது. கொதித்தெழுந்த தொழிலாளர் இயக்கம் விடாமல் போராடியது. 1914-ல் வந்த கிளேட்டன் சட்டம், மனித உழைப்பு விற்பனைச் சரக்கல்ல என்று ஒரு பிரிவையே எழுதிச் சேர்த்தது. சட்டப் புத்தகங்களில் நான் கண்ட மிக அழகான பிரிவுகளில் அது ஒன்று.

★ அமெரிக்காவில் பிறை பார்த்து டெண்டர் போட்டிருக்கிறார்கள்! 1950-களில் ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் முதலிய மின்சாதனக் கம்பெனிகள், அடுத்த டெண்டரில் யார் குறைந்த விலை எழுதுவது என்பதை முறைபோட்டு மாற்றிக்கொண்டன. அந்த அட்டவணைக்கு அவர்கள் வைத்த பெயர் 'நிலவின் பிறைகள்'. ரகசியக் கூட்டத்தின் பெயர் 'பாடகர் குழுப் பயிற்சி'. கூட்டத்துக்கு வருவோர் பட்டியல் 'கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைப் பட்டியல்'. டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற அரசு மின் நிறுவனம், ஒட்டிய உறைகளில் திரும்பத் திரும்ப ஒரே விலை வருவதைக் கவனித்துக் குரல் எழுப்பியது. 1961-ல் பிலடெல்பியா நீதிமன்றம் அதிகாரிகள் ஏழு பேருக்கு 30 நாள் சிறைத் தண்டனை விதித்தது. தேவாலயத்திலும் ஊர்ச் சங்கங்களிலும் பெரிய மனிதர்களாக மதிக்கப்பட்டவர்கள் சிறைக்குப் போனதைக் கண்டு அமெரிக்க வணிக உலகமே அதிர்ந்தது. இந்தியச் சட்டத்தில் கூட்டுச் சதிக்குச் சிறை கிடையாது, அபராதம் மட்டும்தான்.

★ இந்தத் துறையில் இந்தியாவின் முதல் சட்டம் 1969-ல் வந்த எம்.ஆர்.டி.பி. சட்டம், அதாவது ஏகபோக மற்றும் கட்டுப்பாட்டு வணிக முறைகள் சட்டம். செல்வம் சிலர் கையில் குவியக் கூடாது என்று அரசமைப்பின் 39-ஆம் பிரிவு சொல்வதிலிருந்து பிறந்தது அது. ரூ.20 கோடிக்கு மேல் சொத்துள்ள தொழில் குழுமம் விரிவாக்கம் செய்ய அரசின் அனுமதி வேண்டியிருந்தது. பெரிதாக வளர்வதையே அந்தச் சட்டம் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. ஆனால் தவறு செய்தவர் பிடிபட்டால், 'இனிமேல் செய்யாதே' என்று உத்தரவு போடத்தான் அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆணையத்துக்கு அதிகாரம். அபராதம் விதிக்க அதிகாரமில்லை. 1999-ல் அமைந்த ராகவன் குழுவின் பரிந்துரையில் புதிய போட்டிச் சட்டம் வந்தது. அதற்கு எதிராக வழக்குகள் நடந்து, திருத்தம் செய்து, கூட்டுச் சதிக்கும் ஆதிக்கத் துஷ்பிரயோகத்துக்கும் எதிரான பிரிவுகள் 2009 மே 20-ல்தான் உயிர் பெற்றன.

★ புதிய சட்டத்தில் பெரியவனாக இருப்பது குற்றமில்லை. நல்ல பொருள் கொடுத்து, குறைந்த விலைக்கு விற்று, சந்தை முழுவதையும் பிடித்தாலும் குற்றமில்லை. அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு வாடிக்கையாளர்மேல் அநியாய நிபந்தனை திணிப்பதும், புதியவர் உள்ளே வர முடியாமல் கதவை அடைப்பதும்தான் குற்றம்.

★ சிமென்ட் வழக்கு இந்தச் சட்டத்தின் பலத்தையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டும். இந்தியக் கட்டுநர் சங்கம் 2010-ல் புகார் கொடுத்தது. 2010 நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஆலைகள் தங்கள் திறனுக்குக் குறைவாக ஓடியதையும், அடுத்து வந்த மாதங்களில் மூட்டை விலை ஏறியதையும் ஆணையம் கவனித்தது. சிமென்ட் உற்பத்தியாளர் சங்கத்தின் கூட்டங்களில் விலை, உற்பத்தித் தகவல்களைப் பரிமாறிக்கொண்டதும் கணக்கில் வந்தது. 2012 ஜூனில் 11 கம்பெனிகளுக்கும் அவற்றின் சங்கத்துக்கும் சேர்த்து ரூ.6,300 கோடியைத் தொட்ட அபராதம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியா சிமென்ட்ஸும் மெட்ராஸ் சிமென்ட்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தன.

அதன் பிறகு நடந்ததுதான் வேதனை. 2015 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இந்த உத்தரவை ரத்து செய்தது. வாதங்களைக் கேட்ட நாள்களில் ஆணையத் தலைவர் அமர்வில் இல்லை. உத்தரவில் மட்டும் கையெழுத்திட்டிருக்கிறார் என்பது காரணம். கேட்காதவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது நீதியின் அரிச்சுவடி. அந்த ரத்து சரியானதுதான். ஆணையம் மறுபடி விசாரித்து 2016-ல் சுமார் ரூ.6,700 கோடி விதித்தது. 2018-ல் மேல்முறையீட்டில் அது நிலைத்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போக, அபராதத்தில் பத்தில் ஒரு பங்கைக் கட்டச் சொல்லி வழக்கை ஏற்றுக்கொண்டது நீதிமன்றம். 2011-ல் ஏறிய விலைக்குச் சிமென்ட் வாங்கி வீடு கட்டியவர்களில் பலர் இந்நேரம் அந்த வீட்டுக் கடனையே அடைத்து முடித்திருப்பார்கள்.

★ கொலை வழக்கில் அப்ரூவர் ஆவதுபோல இங்கும் உண்டு. முதலில் ஓடி வந்து உண்மையைச் சொல்லி ஆதாரத்தையும் கொடுக்கும் கம்பெனிக்கு அபராதத்தில் 100 சதவீதம் வரை தள்ளுபடி. இரண்டாவதாக வருபவருக்கு 50 வரை, மூன்றாவதுக்கு 30 வரை. 2018-ல் டார்ச், ரேடியோவுக்குப் போடும் பேட்டரி செல் வழக்கில் பானசோனிக் முதலில் வந்து முழுத் தள்ளுபடி பெற்றது, எவரெடிக்கு ரூ.171.55 கோடி, 'நிப்போ' செல் தயாரிக்கும் இந்தோ நேஷனலுக்கு ரூ.42.26 கோடி என அபராதம் விழுந்தது. 2021-ல் பீர் வழக்கிலும் அதே கதை. அந்தத் தொழிலில் ஒரு கம்பெனியை வாங்கிய ஏபி இன்பெவ் விஷயத்தை ஆணையத்திடம் சொல்லிவிட்டு அபராதமில்லாமல் வெளியேறியது. யுனைடெட் புரூவரீஸுக்கு விதிக்கப்பட்டது ரூ.751 கோடிக்கு மேல். ஐரோப்பாவிலோ, 1997 முதல் 14 ஆண்டுகள் லாரி விலையைப் பேசி வைத்த கூட்டை 'மான்' கம்பெனி காட்டிக்கொடுத்தது. அதனால் அது தப்பித்த அபராதம் சுமார் 120 கோடி யூரோ.

குற்றத்தில் பங்கெடுத்து லாபம் பார்த்தவர் தண்டனையின்றிப் போவது நியாயமா? எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது. மூடிய அறைக்குள் நடந்த பேச்சுக்கு உள்ளே இருந்தவர் மட்டுமே சாட்சி என்று யோசித்த பிறகு இதை ஏற்றுக்கொண்டேன். அறையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் 'பக்கத்தில் இருப்பவன் நாளை முந்திக்கொள்வானோ' என்ற பயம் இருந்தால், அந்தக் கூட்டு நிலைக்காது.

★ அரசு நிறுவனங்களுக்கு விலக்கு இல்லை. கேரளத்தில் ஏழைக் குடும்பங்களுக்கான மருத்துவக் காப்பீட்டு டெண்டரில் பேசி வைத்தார்கள் என்று 2015-ல் நான்கு அரசுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு ரூ.671 கோடி அபராதம் விதிக்கப்பட்டது. சென்னையில் தலைமையகம் உள்ள யுனைடெட் இந்தியாவும் அதில் ஒன்று. பின்னர் மேல்முறையீட்டில் தொகை வெகுவாகக் குறைந்தது. கோல் இந்தியா, 'நாங்கள் நாட்டுடைமைச் சட்டத்தால் உருவான ஏகபோகம், எங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது' என்று வாதாடியது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் பொருந்தும் என்று சொல்லிவிட்டது.

★ கார் வாங்கும்போது உங்களுக்குப் பத்துக் கம்பெனிகள். வாங்கிய மறுநாள் முதல் ஒரே கம்பெனி. அந்தக் காரின் விளக்கோ கண்ணாடியோ உடைந்தால் அதே கம்பெனியின் உதிரிபாகம்தான் பொருந்தும். 2014 ஆகஸ்டில் ஆணையம் இதை அலசி, தன் பிராண்டு உதிரிபாகச் சந்தையில் ஒவ்வொரு கார் கம்பெனியும் ஆதிக்க நிலையில் இருக்கிறது என்றது. 14 கம்பெனிகளுக்கு ரூ.2,544.65 கோடி அபராதம். உதிரிபாகத்தையும், பழுதைக் கண்டுபிடிக்கும் கருவியையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்ததும், வெளியே வேலை பார்த்தால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டியதும் தவறு என்று கண்டது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய் இந்த விசாரணையை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. ஊருக்கு ஊர் சாலையோரத்தில் கார் ஷெட் வைத்துப் பிழைக்கும் மெக்கானிக்குகளுக்காக ஒரு தேசிய ஆணையம் பக்கம் பக்கமாக எழுதிய உத்தரவு அது. அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும் என்பதுதான் என் கவலை.

★ தள்ளுபடி கொடுத்ததற்காக டீலருக்கு அபராதம்! மாருதி, தான் சொன்ன அளவுக்கு மேல் டீலர்கள் தள்ளுபடி கொடுக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியதாக ஆணையம் 2021-ல் கண்டது. வாடிக்கையாளர் வேடத்தில் ஆள் அனுப்பி, கூடுதல் தள்ளுபடி கேட்க வைத்து, கொடுத்த டீலரிடமும் விற்பனையாளரிடமும் தண்டம் வசூலித்தார்களாம். மாருதிக்கு ரூ.200 கோடி அபராதம். கம்பெனி மேல்முறையீடு செய்தது.

★ இலவசமாகக் கொடுப்பதும் குற்றமாகலாம். 2008-ல் தேசியப் பங்குச் சந்தை, அந்நியச் செலாவணி வர்த்தகத்துக்குக் கட்டணமே வாங்கவில்லை. மற்ற வியாபாரங்களில் அதற்கு வருமானம் உண்டு, தாங்க முடிந்தது. போட்டிக்கு வந்த எம்.சி.எக்ஸ். பங்குச் சந்தைக்கு அந்த வியாபாரம் ஒன்றுதான். எதிராளி மூச்சுத் திணறிப் போகும்வரை இலவசம், போன பிறகு கட்டணம் என்ற ஆபத்தைக் கண்டு 2011-ல் ஆணையம் ரூ.55.5 கோடி அபராதம் போட்டது. செயலிகளில் 'எல்லாமே இலவசம்' என்று வரும்போது இந்த வழக்கை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

★ 19 மாடி என்று சொல்லி விற்ற அடுக்ககம் 29 மாடி ஆனது. குருகிராமில் டி.எல்.எப். கட்டிய பெலேர் குடியிருப்பில் வீடு வாங்கியவர்கள் சங்கமாகச் சேர்ந்து புகார் கொடுத்தார்கள். ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் எல்லாம் கட்டுநர் பக்கமே சாய்ந்திருந்தன. 2011-ல் ரூ.630 கோடி அபராதம்.

★ கூகுளுக்கு இந்தியாவில் விழுந்த மிகப் பெரிய அபராதம் ரூ.1,337.76 கோடி, 2022 அக்டோபரில். ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பவர் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்ற செயலிகளையும் சேர்த்து ஏற்றியாக வேண்டும் என்ற நிபந்தனைதான் முக்கியக் காரணம். ஒரே வாரத்தில் பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக இன்னொரு ரூ.936.44 கோடி, அது 2025-ல் மேல்முறையீட்டில் ரூ.216.69 கோடியாகக் குறைந்தது. 2024 நவம்பரில் வாட்ஸ்அப் வழக்கில் மெட்டாவுக்கு ரூ.213.14 கோடி. '2021 தனியுரிமைக் கொள்கையை ஏற்றுக்கொள், இல்லாவிட்டால் வெளியே போ' என்று சொன்னது ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்திய செயல் என்றது ஆணையம். பணமே கொடுக்காத வாடிக்கையாளரும் சுரண்டப்படலாம் என்று ஏற்றுக்கொண்ட உத்தரவு அது.

★ மூன்றரை ஆண்டுகள் உறைக்குள் கிடந்த உத்தரவு ஒன்று உண்டு. டயர் கம்பெனிகள் மீதான வழக்கில் ஆணையம் 2018 ஆகஸ்டிலேயே முடிவெடுத்துவிட்டது. எம்.ஆர்.எப். சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்ததால், உத்தரவை முத்திரையிட்ட உறையில் வைக்க வேண்டியதாயிற்று. உச்ச நீதிமன்றம் வரை போய்த் தள்ளுபடியான பிறகு 2022 பிப்ரவரியில் உறை பிரிக்கப்பட்டது: ஐந்து கம்பெனிகளுக்கு ரூ.1,788 கோடி, அதில் எம்.ஆர்.எப். பங்கு ரூ.622.09 கோடி. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், மறுபடி பரிசீலிக்கும்படி வழக்கை ஆணையத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

★ சங்கங்களும் தப்புவதில்லை. புதிதாக மருந்து ஸ்டாக்கிஸ்ட் நியமிக்க வேண்டுமென்றால், மருந்து வணிகர் சங்கத்திடம் 'ஆட்சேபணை இல்லை' என்று சான்று வாங்கியாக வேண்டும் என்ற வழக்கம் நாடு முழுக்க இருந்தது. அந்தச் சான்று முறை கூடாது என்று ஆணையம் பல உத்தரவுகளில் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 2009-ல் மல்டிபிளெக்ஸ்களுக்குப் படம் தராமல் சேர்ந்து நிறுத்திய 27 இந்திப் பட நிறுவனங்களுக்கும் தலைக்கு ரூ.1 லட்சம்.

★ கிரிக்கெட்டும்தான்! ஐ.பி.எல். ஒளிபரப்பு ஒப்பந்தத்தில், வேறு தனியார் டி20 தொடரை அங்கீகரிக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்ததற்காக கிரிக்கெட் வாரியத்துக்கு 2013-ல் ரூ.52.24 கோடி. மேல்முறையீட்டில் திரும்பி வந்த அந்த வழக்கில் 2017-ல் மறுபடியும் அதே தொகையை விதித்தது ஆணையம்.

★ யார் புகார் கொடுக்கலாம்? ஓலா, ஊபர் கட்டணம் பற்றிய வழக்கில் புகார்தாரர் தோற்றுப்போனார். ஆனால் 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதே தீர்ப்பில் ஒரு கதவை அகலமாகத் திறந்து வைத்தது: தகவல் தருபவர் நேரடியாகப் பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் தரலாம். பெயரை ரகசியமாக வைக்கும்படியும் கேட்கலாம். டெண்டர் உறைகளைப் பிரிக்கும் எழுத்தர், ஏலத்தில் திரும்பத் திரும்பத் தோற்கும் சிறு ஒப்பந்ததாரர், சங்கம் சரக்கை நிறுத்திவிட்ட கடைக்காரர் என்று எவரும். தென் மாநிலங்களுக்காகச் சென்னையில் ஆணையத்தின் மண்டல அலுவலகம் 2021 முதல் இயங்குகிறது. கெடு ஒன்றுண்டு: 2023 திருத்தத்தின்படி, சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் தகவல் தர வேண்டும். அதற்கு மேல் ஆகிவிட்டால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்ட வேண்டும்.